வலது காதில் ஓர் எண்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புதுசு. வேலையில் சேர்ந்த அன்று யாரோ, "அந்தக் கோப்பைப் புதுசுகிட்டக் குடு" என்று சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஓடிவிட்டன. அவள் உட்காரும் நாற்காலி கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் புதுசுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் வேலைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தானே என்று சில நாள் அவளே நினைத்துக்கொள்வாள்.

வேலை, பேரேடு எழுதுவது. டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளில் அந்தச் சங்கம் நடந்தது. தேன் நிறமும், நிமிர்ந்த காதும், முதுகோடு ஒட்டிய வயிறுமாக ஓடுவதற்கென்றே செய்தது போன்ற ஒரு வேட்டை நாய் இனம் உண்டு. அந்த இனத்துக்கான சங்கம் அது. எங்கே குட்டி பிறந்தாலும் பத்து நாளுக்குள் தகவல் வர வேண்டும். ஆறாவது வாரம் சங்கத்தின் ஆள் போய்க் குட்டிகளின் வலது காதுக்குள் எண்ணைப் பச்சை குத்திவிட்டு வருவார். அந்த எண்ணைப் பேரேட்டில் ஏற்றி, பக்கத்தில் பெயர், நிறம், அப்பா, அம்மா, அவர்களுடைய அப்பா அம்மா என்று ஐந்து தலைமுறைக்கு எழுத வேண்டும். இரும்பு அலமாரியில் அப்படிப் பதினொரு பேரேடுகள் இருந்தன.

"நாய்க்கு அப்பன் பேரு எழுதற வேலை" என்றுதான் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து கை சொரசொரத்துப்போன அம்மாவுக்கு இது முதலில் வேலையாகவே படவில்லை. "அஞ்சு தலைமுறையா? உங்க அப்பாவோட தாத்தா பேரு என்னன்னு கேளு, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அம்மா கேட்டபோது அவள் சிரித்தாள். ஆனால் மறுநாள் ஐந்தாம் தலைமுறைக் கட்டத்தில் ஒரு நாயின் பெயரை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. சின்ன வயதிலேயே போய்விட்ட அப்பாவின் முகமே அவளுக்கு ஒரு போட்டோவில் இருந்துதான் தெரியும். அதற்கு மேலே யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது அவள். அதற்கு முன்னால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு அலமாரி இல்லை.

வீட்டில் மூன்று பேர். அவள், அம்மா, அம்மாவின் தம்பி. மாமா மரக்கிடங்கில் காவல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "கேட்டுக்கு ஒருத்தன் காவல் போதும், எனக்கு எதுக்கு இன்னொரு காவல்" என்பார். நாலாவது ஆள் தூசி. மாமாவின் நாய். மரத்தூள் குவியலில் புரண்டு வளர்ந்ததால் அந்தப் பெயர். நல்ல உயரம், தேன் நிறம், மார்பில் மட்டும் இலை அளவுக்கு ஒரு வெள்ளை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் நாலு பேரும் காலை மடக்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான், குடியிருப்பின் கீழ்வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பெரிய வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் பதிவுச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவர்கள் மாதக் கடைசிக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும். யாரோ ஒரு குழந்தையை எங்கோ ஒரு நாய் கடித்ததன் விளைவு.

மாமா அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு மேலே வந்தார். "ஆபீசரம்மா, உங்க கடையில இவனுக்கு ஒரு பேப்பர் கிடைக்குமா?"

"அப்பா அம்மா பேரு வேணும் மாமா."

"ஏன், நான் இல்லையா?"

வேறு எந்த வருடமாக இருந்தாலும் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வருடம்தான் சங்கம், பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்திருந்தது.

காரணம் அந்தப் பதினொரு பேரேடுகளுக்குள்ளேயே இருந்தது. எந்த நாயை எடுத்துப் பின்னோக்கிப் போனாலும் கடைசியில் அதே ஒன்பது நாய்களில் வந்து முட்டியது. வெளி இரத்தம் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்ததில் உள்ளேயே உறவு முறுக்கிக்கொண்டது. முந்தைய வருடம் பிறந்த அறுபத்தொரு குட்டிகளில் இருபத்திரண்டு, சிறுநீரகம் சுருங்கி வருடம் முடிவதற்குள் செத்துப்போயின. ஒவ்வொன்றுக்கும் நேராக 'இறந்தது' என்று எழுதியவள் அவள்தான். கால்நடை டாக்டர் மூன்று கூட்டங்களில் கத்திய பிறகு நிர்வாகக் குழு இறங்கி வந்தது. பதிவில்லாத நாய்களையும் பரிசோதித்து, இனத்தின் சாயல் இருந்தால் ஒரு புதிய பேரேட்டில் சேர்ப்பது. அப்பா அம்மா கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுவது. மூன்று தலைமுறை தாண்டினால் வாரிசுகள் பெரிய பேரேட்டுக்குப் போகலாம்.

பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாய்கள் வந்தன. பள்ளி மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: சங்கத் தலைவர், டாக்டர், வெளியூர் நடுவர் ஒருவர். நாற்பது வருடமாக அந்த இனத்தை வளர்ப்பவர் தலைவர். ஒரு நாய் தெருமுனையில் திரும்பும்போதே அது யார் வீட்டு வாரிசு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். மேசையின் ஓரத்தில் மதிப்பெண் தாளோடு அவள்.

ஒவ்வொரு நாயையும் நிற்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், பல்லைப் பார்த்தார்கள், முதுகைத் தடவினார்கள். தலைக்கு இத்தனை, காதுக்கு இத்தனை, நடைக்கு இத்தனை என்று நூற்றுக்கு. ஐம்பது எடுத்தால் உள்ளே.

அவளுடைய நேர்காணலிலும் இதே மாதிரி ஒரு மேசைதான், மூன்று பேர்தான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது, பேச்சில் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்த்துவிடாமல் ஒவ்வொரு சொல்லையும் நாக்கிலேயே நிறுத்திச் சோதித்து அனுப்பியது எல்லாம் நினைவுக்கு வந்தன. 'நம்ம பொண்ணு மாதிரியே இருக்கு' என்று ஒருவர் சொன்னதும்தான் வேலை உறுதியானது. அன்று அது காதுக்கு இனிமையாக இருந்தது.

ஏழாவதாக ஒரு பஸ் டிரைவர் தன் பெண் நாயோடு வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியிலிருந்து நேராக இறங்கி வந்தது போல இருந்தார். நாய் உடல் கட்டாக இருந்தது. இடது காது மட்டும் பாதியில் மடிந்து கண் மேல் விழுந்திருந்தது. நிறமும் தேனாக இல்லாமல் சாம்பல் கலந்து கிடந்தது.

தலைவர் தாளைத் திருப்பி வைத்தார். "காது மடிஞ்சிருக்கே."

"மடிஞ்சிருந்தா என்ன சார், கேக்குது இல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. காதுக்குப் பூஜ்யம், நிறத்துக்கு மூன்று. மொத்தம் முப்பத்தெட்டு. டிரைவர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு நாயிடம் காட்டினார். "பாரு, நீ பெயிலு. நானும் அப்படித்தான், வா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பத்தாவது தூசி. மாமா ஒரே ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தன் மாமாவின் நாய் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"மேடம், இங்க கையெழுத்துப் போடணுங்களா?" என்று மாமா பவ்யமாகக் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் உதட்டோரம் துடித்தது.

"அங்க இல்ல. கீழ."

"சரிங்க மேடம். ரொம்ப நன்றிங்க மேடம்."

தூசி நடந்தான். பார்த்துக்கொண்டிருந்த மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். தலைவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, முழங்கால் வலிக்க மண்டியிட்டு, தூசியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க கிடைச்சுது இது?"

"மரக்கிடங்குல சார். தானா வந்துச்சு" என்றார் மாமா.

"பாத்தீங்களா டாக்டர், தெருவுல இப்படி ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இந்தத் தலையைப் பாருங்க. இந்த மாதிரித் தலை என் வீட்டுலகூட இல்ல." மார்பின் வெள்ளையைத் தடவினார். "இதுக்கு மட்டும் நாலு கழிச்சுக்கறேன். தொண்ணூத்தாறு."

டாக்டர் காதைத் திருப்பிப் பார்த்து, "வலது காதுக்குள்ள கறுப்பா ஏதோ கறை. அழுக்கு போல" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். எழுதும்போது எட்டிப் பார்த்தாள். கறை கறுப்பில்லை. பழைய காயம் ஆறிய இடம் போல, பச்சை ஓடிய கறுப்பு.

பேனா மூடியைக் காணவில்லை என்று அவள் தேடத் தொடங்கினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, மாமாவும் தூசியும் காவலில் இருந்த மரக்கிடங்குக்குப் போனாள். பச்சை குத்துகிறவர் அவளுக்கு முன்பு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார். நாய் வளர வளரக் காதும் விரியும், எழுத்தும் விரிந்து மங்கிவிடும். நேராகப் பார்த்தால் தழும்பு மாதிரி இருக்கும். காதுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் மட்டும் தோல் வழியே வெளிச்சம் வந்து எண் தெரியும்.

பலகைகள் கூரை வரை அடுக்கியிருந்த கொட்டகைக்குள் பகலிலும் இருட்டாக இருந்தது. தூசியை மடியில் சாய்த்துக் காதுக்குப் பின்னால் விளக்கைப் போட்டாள். காது செம்மண் நிறத்தில் ஒளிர்ந்தது. நரம்புகள் இலை நரம்பு மாதிரி ஓடின. அவற்றின் குறுக்கே கோணலாக மூன்று எண்கள்: நான்கு, ஒன்று, ஏழு.

"மாமா, இவன் தானா வந்தானா?"

மாமா பீடியைக் காலில் போட்டு நசுக்கினார். "ஏன்?"

"சொல்லுங்க."

மாமா சொன்னார். தலைவர் வீட்டு நாய்க்கொட்டிலுக்குப் படுக்கை போட வாராவாரம் இங்கிருந்துதான் மரத்தூள் போகும். அங்கே வேலை பார்ப்பவன் காலிச் சாக்கோடு வந்து நிறைத்துக்கொண்டு போவான். ஒரு வாரம் சாக்கு காலியாக வரவில்லை. உள்ளே ஏதோ அசைந்தது. மார்பில் வெள்ளை விழுந்த குட்டி. வளர்ந்தால் மறையும் என்று எட்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்களாம், மறையவில்லை. பேர் கெட்டுப்போகும், முடித்துவிடு என்று எஜமான் சொன்னாராம். அவனுக்குக் கை வரவில்லை.

"அவனுக்கு ரெண்டு பொண்ணு. அவன் பேரு வெளிய வரக் கூடாது, சொல்லிட்டேன்."

"இந்த எண் அங்க போட்டது."

"அழிச்சுடு."

"பச்சை குத்தினது அழியாது மாமா."

"அப்ப நீ பாக்கலன்னு வச்சுக்க. அந்த டாக்டரே அழுக்குன்னு சொல்லிட்டாரு. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன்னால் அலுவலகத்தைத் திறந்து பத்தாவது பேரேட்டை எடுத்தாள். 417. ஆண். தேன் நிறம். பெயர்: மாவேந்தன். அப்பா, அம்மா, அவர்களுக்கு அப்பா, அம்மா. ஐந்து தலைமுறையும் நிரம்பியிருந்தது. கடைசிக் கட்டத்தில் 'இறந்தது'. கையெழுத்து அவளுடையது. வேலைக்கு வந்த முதல் மாதக் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் பரீட்சைத் தாளில் போல உருண்டையாக.

நினைவு வந்தது. தலைவரே தொலைபேசியில் சொன்னார்: "நானூத்திப் பதினேழு போயிடுச்சும்மா, எழுதிக்க." மரணத்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பது விதி. தலைவரிடம் போய்ச் சீட்டு எங்கே என்று கேட்கிற தைரியம் முதல் மாதத்தில் யாருக்கு இருக்கும்? எழுதிவிட்டாள். உயிரோடு, மரத்தூளில் புரண்டுகொண்டிருந்த ஒருவனை எழுத்தால் கொன்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவனுக்கே சாப்பாடு வைத்திருக்கிறாள்.

அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் சுமுகம். பன்னிரண்டில் ஐம்பதைத் தாண்டியது தூசி மட்டும்தான்; வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவன் புதிய பேரேட்டின் முதல் நாயாக ஏறுவான். 'அப்பா: தெரியாது. அம்மா: தெரியாது.' சான்று கிடைக்கும். மாமா அதைச் சட்டம் போட்டு மாட்டுவார். சொல்லிவிட்டால்? எண் உள்ள நாய்க்குப் புதிய பேரேட்டில் இடமில்லை. பழைய பேரேட்டின்படி 417-க்கு உடைமையாளர் தலைவர். நாயைக் கொண்டு வந்து விடு என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், மாமா கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். சீட்டு இல்லாமல் எழுதியதற்கும், மாமாவின் நாய் என்பதை மறைத்ததற்கும் அடுத்த மாதம் அவள் வேலையைப் புதுப்பிக்க மாட்டார்கள். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் இடம் உண்டு.

செவ்வாய்க்கிழமை தலைவர் படியேறி வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "புதுசு, ஒரு இனச்சேர்க்கைப் படிவம் எடு. அந்த மரக்கிடங்கு நாய்க்கும் என் நானூத்திப் பத்தொன்பதுக்கும். புது ரத்தம். முதல் ஈத்து என் கொட்டில்லதான்."

படிவத்தை எடுத்தாள். 419 எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. 417-க்கு இரண்டு வரி கீழே. அதே நாளில், அதே தாய்க்குப் பிறந்தது. தூசியின் தங்கை.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொன்னாள். அம்மாவும் இருந்தாள்.

"சேத்தா என்ன ஆகும்?" என்றார் மாமா.

"குட்டி போடும். பாதி செத்துடும். நான் உக்காந்து எழுதணும்."

"சொன்னா இவனை எடுத்துக்குவாங்களா?"

"தெரியல மாமா."

"தெரியலன்னு சொல்றதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?"

சொன்ன பிறகு மாமாவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இருந்த மாதிரி தெரியவில்லை. அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "டேய், அவளைக் கேட்டு என்ன பண்றது. பாக்கக் கூடாதுன்னு நெனச்சிருந்தா அவ விளக்கை எடுத்துக்கிட்டு ஏன் வந்தா?"

தூசி ஒவ்வொருவர் காலாகப் போய் முகர்ந்துவிட்டு, கடைசியில் அவள் காலில் தலையை வைத்துப் படுத்தான்.

அம்மா கேட்டது சரியான கேள்விதான். உண்மை பெரிது என்றா? அப்படியென்றால் மைதானத்தில் மாமாவைத் தெரியாதது போல ஏன் உட்கார்ந்திருந்தாள்? கறை என்றே விட்டிருக்கலாம். அந்த அறைகளுக்குள் தான் சரியான ஆள்தானா என்ற சந்தேகத்தில் எதையும் இரண்டு முறை சரிபார்த்தே பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் டார்ச்சை எடுக்க வைத்ததோ என்னவோ.

பேரேட்டுக்கு ஒரு விதி உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. எழுதியவரே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வேறு யாரும் திருத்த முடியாது, தலைவர் உட்பட. புதன்கிழமை முழுக்க அந்த விதியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, யாரிடமும் கேட்காமல், 'இறந்தது' மேல் கோடு போட்டாள். பக்கத்தில் 'உயிருடன் உள்ளது' என்று எழுதினாள். இந்த முறை எழுத்து உருண்டையாக வரவில்லை. ஒப்பமிட்டாள். பேசிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போனால் பேசியே எழுத விடாமல் செய்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பேரேட்டையும் ஒரு பெயர் மாற்றப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

"இது செத்துப்போச்சுன்னு நான்தானே சொன்னேன்."

"ஆமா சார். டாக்டர் சீட்டு கேக்காம எழுதினது நான். அது என் தப்பு."

"உயிரோட எங்க இருக்கு?"

"மரக்கிடங்குல. மைதானத்துக்கு வந்துச்சே சார், அதுதான். காதுல எண் இருக்கு, விளக்கு போட்டுப் பாத்தேன். கிடங்குக் காவல்காரர் என் தாய்மாமா. அதையும் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

தலைவர் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நாற்பது வருடம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தன் குஞ்சு அடையாளம் தெரியவில்லை. பொன் மட்டும் தெரிந்திருக்கிறது.

"அப்ப நான் அன்னிக்குத் தொண்ணூத்தாறு போட்டது..."

"உங்க நாய்க்குத்தான் சார்."

"அந்த வெள்ளைக்கு நாலுதான் கழிச்சேன்" என்றார், அவளிடம் இல்லாமல் பேரேட்டிடம் சொல்வது போல. எட்டு வாரக் குட்டிக்கு அதே வெள்ளைக்கு என்ன கழித்தார் என்று இருவருக்கும் தெரியும்.

குரலைத் தேற்றிக்கொண்டு, "யார் கொண்டு போய்க் குடுத்தது?" என்றார்.

"தெரியாது சார்."

பேரேட்டு மேல் கையை வைத்துக்கொண்டு சொன்ன பொய் அது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, நாக்கு குளறவில்லை.

"சட்டப்படி நாய் என்னுது."

"ஆமா சார்." பெயர் மாற்றப் படிவத்தை மேசையில் வைத்தாள். "எடுத்துக்கறதா இருந்தா, செத்த நாய் எப்படி வந்துச்சுன்னு குழுவுல சொல்லணும். மாத்திக் குடுக்கறதா இருந்தா, இதுல ஒரு கையெழுத்து போதும்."

சொன்ன பிறகுதான் அது மிரட்டல் போல ஒலித்தது அவளுக்குக் கேட்டது. திரும்பிப் போகாமல் இன்னொன்றையும் சொன்னாள். இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்ற கணக்கில்.

"சார், நம்ம நாய் மாதிரியே இருக்கற நாய்க்குத்தான் மார்க் போட்டோம். நம்ம நாய் மாதிரியே இருக்கறது, நம்ம நாயாத்தான் இருக்கு. அந்த பஸ் டிரைவரோட நாய்..."

"அந்தக் காதா?"

"அந்தக் காது நம்ம பதினோரு பேரேட்டுலயும் எங்கயும் இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தெட்டு மார்க். ஐம்பது வேணும். நீ போம்மா."

படிவத்தைத் திருப்பித் தரவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. அவளை உள்ளே கூப்பிடவில்லை. டாக்டரின் குரல் இரண்டு முறை உயர்ந்தது கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. அவள் தன் பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கிப் போனார்கள். தலைவர் அவள் பக்கம் பார்க்காமல் போனார்.

அவள் மேசைத் தட்டில் மூன்று தாள்கள் கிடந்தன.

முதலாவது, பெயர் மாற்றப் படிவம். நாய் எண் 417, மாவேந்தன். புதிய உடைமையாளர்: மாமாவின் பெயர். கீழே தலைவரின் கையெழுத்து, பேனா ஒரு இடத்தில் அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. இரண்டாவது, அவளுடைய வேலை நீட்டிப்பு. ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று. மூன்றாவது, கூட்டக் குறிப்பு. புதிய பேரேட்டில் இந்த முறை எந்த நாயும் சேர்க்கப்படவில்லை.

வீட்டில் மாமா, அவள் எழுதிக் கொண்டுவந்த சான்றை விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். ஐந்து தலைமுறைக் கட்டங்கள் மேல் விரலை ஓட்டினார். "அடேங்கப்பா. மாவேந்தன். இனிமே இவனைப் பாத்து நான் எழுந்து நிக்கணுமோ?"

"டேய், அப்ப நீ அவன் வீட்டு வேலைக்காரன்" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். பிறகு சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பாமல், "அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்றார். அவள் தலையாட்டினாள். கீழ்வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு இனி அவர்களுக்கு இல்லை. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

தூசி உள்ளே வந்தது சங்கம் புதிதாகத் திறந்த கதவு வழியாக அல்ல. ஏற்கெனவே உள்ளே பிறந்தவன் என்று தெரிந்ததால்தான் அவனுக்குச் சான்று. கதவு திறந்தும் யாரும் வரவில்லை. திறந்ததாகச் சொன்ன கதவில் காவலுக்கு நின்று குறிப்பெடுத்தவள் அவள்.

திங்கட்கிழமை தேறாத பதினொரு தாள்களைக் கோப்பில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். கட்டினாள். பிறகு அவிழ்த்து ஏழாவது தாளை மட்டும் வெளியே எடுத்தாள். மேலே தொலைபேசி எண் இருந்தது. தேறாதவர்களைக் கூப்பிடும் வேலை அவளுடையது இல்லை. யாருடையதும் இல்லை. விதியில் அப்படி ஒன்றே இல்லை. எண்களை அழுத்தினாள்.

இரைச்சலுக்கு நடுவே டிரைவரின் குரல் வந்தது. "டெப்போவுல இருக்கேன், சொல்லுங்க."

அவள் யார் என்று சொன்னாள். "உங்க நாயை இந்த வாரம் ஒரு தடவை டாக்டர்கிட்டக் கொண்டு வர முடியுமா? ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். அவர் ஒத்துக்குவாரான்னு தெரியாது. ஒத்துக்கிட்டாலும் மேல என்ன சொல்வாங்கன்னு தெரியாது. சும்மா அலைய விட்டதாக்கூட ஆயிடலாம்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் இஞ்சின் உறுமி நின்றது.

"நீங்க அங்க யாரு மேடம், பெரிய ஆளா?"

"இல்லீங்க. புதுசு."

"அது சரி." டிரைவர் யோசித்தார். "காதை என்ன பண்ண? நாய் வாலையே நிமித்த முடியாதுன்னுவாங்க. வேணும்னா துணியில ரெண்டு நாள் கட்டி நிமித்திப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க" என்றாள் அவள். "மடிஞ்சபடியே வரட்டும்."